பொம்மை பஸ்ஸின் நான்காவது சன்னல்

எங்கள் வீட்டில் பொம்மை கழுவுவது என் வேலை. சனிக்கிழமை காலையில் குளித்து, விளக்கேற்றி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தால், குழாயடியில் ஒரு வாளி நிறைய வண்டிகள் காத்திருக்கும். ஒரு சிவப்பு பஸ், மூன்று சக்கரம் மட்டும் மிஞ்சிய லாரி, மூக்கு உடைந்த விமானம், கதவில்லாத ஆம்புலன்ஸ். வழியே போகிறவர்கள் பேரப்பிள்ளைகளின் சாமான் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்குப் பேரப்பிள்ளைகள் இன்னும் இல்லை. இவை எங்கள் மகனுடையவை. அவனுக்கு முப்பது வயது ஆகப்போகிறது.

பிறந்தவுடன் அவன் அழவில்லை. அழவைக்க நேரமாகிவிட்டது. தஞ்சாவூரில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பு வளரும், புத்தி சின்னப் பிள்ளையாகவே நிற்கும் என்று சொன்னார். அவர் சொன்னபடிதான் ஆயிற்று. மீசை வந்தது, தாடி வந்தது. வாரத்துக்கு ஒரு தடவை நான் உட்கார வைத்து மழித்து விடுகிறேன். பேச்சு மட்டும் நாலைந்து சொல்லோடு நின்றுவிட்டது. "ம்மா", "தா", "பஸ்", "வேணாம்." இவற்றில் "வேணாம்" தான் மிகத் தெளிவாக வரும்.

அவனுக்கு வலிப்பும் உண்டு. அதற்கு மாத்திரை. காலையிலும் இரவிலும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும்; வெறும் வயிற்றில் கொடுத்தால் அப்படியே வாந்தியெடுத்துவிடுவான். சோறு உள்ளே போனால் மாத்திரை போகும். மாத்திரை போனால் வலிப்பு வராது. எங்கள் வீட்டின் மொத்த நிம்மதியும் அந்தச் சோற்றுத் தட்டில்தான் இருக்கிறது.

சோறு உள்ளே போவதற்கோ அந்தச் சிவப்பு பஸ் வேண்டும்.

அறந்தாங்கிப் பக்கம் பாதி வீட்டில் ஓர் ஆள் அரபு நாட்டில் இருந்திருப்பான். எங்கள் வீட்டில் நான். அங்கே ஒரு கம்பெனியின் வண்டி நிறுத்துமிடத்தில் வேலையாட்களை ஏற்றிப்போகும் பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். லீவில் வந்தபோது ஒருமுறை இந்தப் பொம்மை பஸ்ஸை வாங்கி வந்தேன். முழங்கை நீளம் இருக்கும், கெட்டியான பிளாஸ்டிக். இரண்டு பக்கமும் நீளமாக ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் ஆறு சன்னல், ஒவ்வொரு சன்னலிலும் ஒரு முகம். முதலில் தொப்பி போட்ட டிரைவர். அடுத்து கண்ணாடி போட்ட ஆள். மூன்றாவது இரட்டைச்சடைச் சிறுமி. நான்காவது ஒரு பெண். ஐந்தாவது ஒரு பையன். கடைசிச் சன்னலில் ஒரு நாய்.

"நாய்க்குமா டிக்கெட் எடுத்துருக்காக?" என்று என் மனைவி அன்றைக்குச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அப்போது அவளுக்குச் சிரிப்புச் சட்டென்று வரும்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு முகத்தையும் விரலால் தொட வேண்டும் என்று அவனுக்கு எப்போது தோன்றியதோ தெரியாது. நான் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பியபோதே அது வழக்கமாகிவிட்டிருந்தது. தட்டு வந்ததும் பஸ்ஸை மடியில் வைப்பான். டிரைவரில் ஆரம்பித்து ஆட்காட்டி விரலை ஒவ்வொரு சன்னலிலும் அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பான். நாயைத் தொட்டதும் வாயைத் திறப்பான். இவள், என் மனைவி, உருண்டை பிடித்து ஊட்டுவாள். நாம் சாப்பிடுமுன் சாமியை நினைத்துக்கொள்கிறோம். அவன் அந்த ஆறு பேரை நினைத்துக்கொள்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுபக்கத்து ஸ்டிக்கர் போய்ப் பல வருடம் ஆகிறது. படுத்துக்கொண்டு தரையில் ஓட்டுவான். அந்தப் பக்கம் சுவரில் உரசி உரசிக் கிழிந்துவிட்டது. மிஞ்சியது இந்த ஒரு பக்கம்தான். இதைத் தேய்த்தவர்கள் நாங்களே.

ஆயுத பூசைக்குச் சக்கரம் வைத்த எதையும் விட மாட்டோம். மொபெட், சைக்கிள், கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். சின்ன வயதிலேயே அவன் தன் வண்டிகளைக் கொண்டுவந்து என் மொபெட்டுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்திவிடுவான். அவற்றுக்கும் பொட்டு வைக்க வேண்டும். பஸ்ஸின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தால் போதாது. ஆறு முகத்துக்கும் தனித்தனியாக வேண்டும். நாய்க்குக்கூட. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் பொம்மை பஸ்ஸின் கனத்துக்கு அது நசுங்காது; அவனே உள்ளங்கையால் அமுக்கி நசுக்கிவிட்டு எங்களைப் பார்ப்பான்.

குங்குமமும் மஞ்சளும் காகிதத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. சாமி காரியம். ஒரு வருடம் வைத்த பொட்டை அடுத்த வருடம் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக வைப்போம். வருடா வருடம் இப்படி நடந்ததில் முகங்கள் மெலிந்துபோயின. டிரைவரின் தொப்பி ரோஸ் நிறமாகிவிட்டது. கண்ணாடிக்காரருக்குக் கண்ணாடியின் ஒரு வட்டம்தான் மிச்சம். தெரியாதவர் பார்த்தால் ஆறு சிவந்த திட்டு என்பார். அவனுக்கு மட்டும் ஆறு பேரும் இருந்தார்கள்.

பிளாஸ்டிக் கழுவுவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். வெந்நீர் ஆகாது, ஸ்டிக்கரின் பசை இளகிவிடும். ஆறிய தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, பழைய பல் பிரஷ். இடுக்கில் எச்சில் சோறு காய்ந்திருக்கும். அதை ஈர்க்குச்சியால் நோண்ட வேண்டும். பிசுபிசுப்பு இருந்தால் தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைத்துக் கொஞ்ச நேரம் விட வேண்டும். மஞ்சள் கறை வெயிலுக்குப் பயப்படும். மொட்டைமாடியில் வைத்தால் சாயங்காலத்துக்குள் வெளுத்துவிடும். குங்குமக் கறை யாருக்கும் பயப்படாது.

போன ஆயுத பூசைக்கு முதல் நாள் அந்தக் குங்குமத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். மகன் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவது சன்னலில் பிரஷ் போனதும் ஏதோ வழவழவென்று ஆயிற்று. தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். அந்தப் பெண்ணைக் காணோம். நனைந்த காகிதம் திரிதிரியாகப் பிரஷில் ஒட்டியிருந்தது. சன்னல் இருந்த இடத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் பளபளவென்று தெரிந்தது. எங்கள் பஸ்ஸின் அசல் நிறம் அவ்வளவு அழகு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறில் ஒன்றுதானே என்று துடைத்து அவன் கையில் கொடுத்தேன்.

மத்தியானம் தட்டு வந்தது. டிரைவரைத் தொட்டான், "ம்." கண்ணாடிக்காரர், "ம்." சடைப்பிள்ளை, "ம்." விரல் நான்காவது இடத்துக்குப் போனது. வழுக்கியது. மறுபடி டிரைவரிலிருந்து ஆரம்பித்தான். மறுபடி நான்காவதில் நின்றான். விரலை எடுத்து முகர்ந்து பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"ராசா, ஆ காட்டு," என்று இவள் உருண்டையை நீட்டினாள்.

"வேணாம்."

"என்னங்க பண்ணுனீக பஸ்ஸ?"

சொன்னேன்.

"ஊர்ப்பட்ட பஸ்ஸக் கழுவுன மனுசன். ஒரு பொம்மையக் கழுவத் தெரியலையே ஒங்களுக்கு!" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் கோபத்தில் ஏதும் தப்பில்லை. இரண்டாவது தடவை கொண்டுவந்தாள், மூன்றாவது தடவையும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு தடவையும் விரல் மூன்றாவது முகம்வரை வந்து நின்றது. இரவும் அப்படியே. மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தோம். வாந்தியெடுத்துவிட்டான்.

மறுநாள் பூசை. வழக்கம்போல வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் ஒவ்வொன்றுக்காகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். நான்காவது சன்னலில் என்ன செய்வதென்று தெரியாமல் வெறும் பிளாஸ்டிக்கிலேயே ஒரு பொட்டு வைத்தேன். அதை அவன் துடைக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை நசுக்கினான். கற்பூரம் காட்டியபோது கண்ணில் ஒற்றிக்கொண்டான். பொரிகூட ஒரு கை வாயில் போட்டான். பூசைக்கு வெறும் சன்னல் போதுமாக இருந்தது. சோற்றுக்குப் போதவில்லை.

அன்றைக்கு நாங்கள் செய்து பார்த்ததையெல்லாம் நினைத்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. பேனாவால் ஒரு முகம் வரைந்தேன். பிளாஸ்டிக்கில் மை நிற்கவில்லை. இவள் தன் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினாள். அவன் அதைப் பிய்த்து மறுபடி அவள் நெற்றியிலேயே வைத்தான், சரியாக நடுவில். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. பேங்க் வேலைக்காக எடுத்த இவளுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வெட்டி ஒட்டினேன்.

"என்னையப் பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டீகளா? எங்கிட்டுப் போறேன் நானு?"

"சும்மா இரு. அவன் பாக்கட்டும்."

பார்த்தான். போட்டோவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், சிரித்தான். எங்களுக்கு உயிர் வந்தது. சிரித்துக்கொண்டே போட்டோவை உரித்து அவள் மடியில் போட்டுவிட்டு, "வேணாம்" என்றான்.

எங்கள் பக்கத்து ஆவுடையார்கோயிலில் சாமிக்கு உருவம் கிடையாது, பீடம் மட்டும்தான். சுடச்சுடச் சோற்றைக் கொட்டி, எழும்பும் ஆவியைத்தான் படைப்பார்கள். அன்று சாயங்காலம் ஆறிப்போன தட்டைப் பார்த்துக்கொண்டே இவள் சொன்னாள்: "சாமிக்குத்தான் சோத்து ஆவியே போதும். நம்ம புள்ளைக்கும் அது போதும்னு நெனச்சுட்டான் போல." சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லி முடிக்குமுன் முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது.

நான் பூசை அறைக்குப் போய் முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். பிள்ளை சாப்பிட்டால் விராலிமலைக்கு வந்து முடியிறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். என் தலையில் இறக்க அவ்வளவு ஒன்றும் இல்லை. ஆனாலும் வேண்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் கேட்பதற்கே சலிப்பாக இருந்தது. இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். புத்தியைக் கொடு என்று கேட்டேன், பேச்சைக் கொடு என்று கேட்டேன், வலிப்பை நிறுத்து என்று கேட்டேன். இப்போது ஒரு பிளாஸ்டிக் பஸ்ஸின் சன்னலுக்காகக் கேட்கிறேன். அவருக்கும் சலித்திருக்கும்.

அடுத்த நாள் காலையில் வலிப்பு வந்தது. பெரியது இல்லை. குழாயடியில் நின்றவன் அப்படியே மடங்கினான். நான் தலையைத் தாங்கிக்கொண்டேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அடங்கும்வரை இவள் அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். டாக்டருக்குப் போன் செய்தோம். எப்படியாவது சாப்பிட வையுங்கள், மாத்திரை நிற்கக்கூடாது, இப்படியே போனால் தஞ்சாவூரில் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் இருக்க மாட்டான். கையைக் கட்டித்தான் வைப்பார்கள். ஒருமுறை பார்த்திருக்கிறோம்.

கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் போன் செய்தாள். அவனுக்கு இளையவள். "அப்பா, அதே மாதிரி பஸ்ஸு போன்ல தேடிப் பாத்துட்டேன், எங்கயும் இல்லப்பா. ஸ்டிக்கர் கடையில போயி அந்த மூஞ்சிய அடிச்சுத் தரச் சொல்லுங்க. லாரிக்கு, ஆட்டோவுக்கெல்லாம் அடிக்கிறாங்கள்ல?" என்றாள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

பூசை முடிந்து கடை திறந்ததும் அறந்தாங்கிக்குப் போனேன். பஸ்ஸை அவன் தர மாட்டான். அதனால் சன்னலின் அளவைச் செய்தித்தாளில் வெட்டி எடுத்துக்கொண்டேன். கடைச் சுவர் முழுக்க லாரிக்காரர்களுக்கான ஸ்டிக்கர்: வேல், சூலம், குதிரை, கழுகு. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் முப்பது வயதுக்காரர், என் மகன் வயது. விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"மூஞ்சி போட்டோ இருக்கா அய்யா?"

மகள் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று போனில் இருந்தது. அதில் அவன் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவர் அதைப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க ஒரு சிவப்புத் திட்டுதான் பெரிதாயிற்று.

"இது குங்குமமால்ல இருக்கு. உள்ள இருக்குற அக்கா எப்புடி இருப்பாங்க? முடி என்ன கலரு?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ சனிக்கிழமை கழுவியிருக்கிறேன், அவள் முடி என்ன நிறம் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அது நர்ஸுங்க. வெள்ளத் தொப்பி போட்டுருக்கும்," என்றாள் மனைவி.

"நர்ஸு இல்லடி. தலையில துணி கட்டியிருக்கும்."

"ஒங்களுக்கு அரபு நாட்டுல பாத்த நெனப்பு. நர்ஸுதான்."

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, நான் டீ குடிச்சுட்டு வாரேன்," என்று கடைக்காரர் எழுந்தார்.

கடைசியில் தலையில் வெள்ளையாக ஏதோ ஒன்று என்பதில் இருவருக்கும் உடன்பாடு ஏற்பட்டது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முகமாகக் காட்டினார். ஒருத்தி சினிமாக்காரி மாதிரி இருந்தாள். இன்னொருத்திக்குக் கண் ரொம்பப் பெரிது. வட்டமுகமாக, லேசான சிரிப்போடு ஒருத்தியைப் பிடித்து வெள்ளைத் தொப்பி வைத்து அச்சடித்தார். கிழிந்தால் இருக்கட்டும் என்று ஒரே தாளில் பல முகம் அடித்துக் கொடுத்தார். "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாதுங்க அய்யா. லாரிக்கு ஒட்டுற அதே சரக்கு. தம்பி சாப்புட்டா எனக்கு ஒரு போன் பண்ணுங்க," என்றார்.

மத்தியானத் தூக்கத்தில் அவன் பஸ்ஸைக் கட்டிக்கொண்டு கிடந்தான். சத்தமில்லாமல் சன்னலைத் துடைத்து, ஓரத்து மஞ்சளை எண்ணெய்விட்டு எடுத்து, காய வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். அழகாகப் பொருந்தியது. பளிச்சென்று இருந்தாள். பக்கத்தில் மற்ற ஐந்து பேரும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

எழுந்தான். தொட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் விரல் பட்டதும் சூடு பட்டவன் மாதிரி இழுத்துக்கொண்டான். முகர்ந்தான். கடையின் பசை வாடை அடித்திருக்கும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பப் பார்த்தான். அது லாரிச் சரக்கு, கிளம்பவில்லை. பஸ்ஸைச் சுவரில் அடித்தான். மூன்று சக்கர லாரியும் சேர்ந்து உருண்டது.

"புதுசா இருக்குங்க. அதான் அவனுக்குப் புடிக்கல," என்றாள் இவள். அவள் சொன்னதுதான் சரி. பழசைப் புதுசாக்கத் தெரிந்த எனக்கு அன்று புதுசைப் பழசாக்கும் வேலை வந்தது.

உப்புத்தாளில் நைசானதை எடுத்து முகத்தின் மினுமினுப்பைத் தேய்த்தேன். புளித்தண்ணீர் தடவினேன். மஞ்சள் பூசிக் கழுவினேன், குங்குமம் பூசிக் கழுவினேன். வாடை போகத் தேங்காய் எண்ணெய். அவன் பஸ்ஸை மடியில் வைத்துக்கொண்டே இருந்தான், நான் எதிரே தரையில் உட்கார்ந்து தேய்த்தேன். தடுக்கவில்லை, தடுக்க அவனுக்குத் தெம்பும் இல்லை. கண் குழிக்குள் போயிருந்தது. உப்புத்தாளில் முகமே போய்விடும் என்று பயந்து அதைக் கீழே போட்டுவிட்டுக் கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பித்தேன். அவன் விரல் பட்டுப் பட்டுத்தானே மற்றவை தேய்ந்தன, நம் விரலும் அதைச் செய்யட்டும் என்று. ஒரு தேய்ப்புக்கு ஒரு "முருகா." வேண்டுதலாகச் சொல்லவில்லை. கை ஓய்ந்துபோகாமல் இருக்க ஒரு தாளம் வேண்டுமே, அதற்காகச் சொன்னேன். தோள் கடுத்தது. முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு கட்டத்தில் முருகாவும் சத்தமில்லாமல் உதட்டில் மட்டும் நின்றது. நான் கண்ணை மூடியிருக்க வேண்டும். தூங்கினேனா என்று தெரியாது.

இவள் குழைந்த சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். நான் கையை எடுக்குமுன் அவன் ஆரம்பித்துவிட்டான். டிரைவர், "ம்." கண்ணாடிக்காரர், "ம்." சடைப்பிள்ளை, "ம்." அடுத்த இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது. அதன் நகத்தின் மேல் அவன் விரல் வந்து அழுந்தியது.

"ம்."

நான் அசையவில்லை. பையனைத் தொட்டான். நாயைத் தொட்டான். வாயைத் திறந்தான்.

இவள் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "குடுடி," என்றேன். அப்புறம்தான் கை நகர்ந்தது. ஒரு வாய் போனது. மென்று விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தான். தட்டு காலியாகி, இன்னும் கொஞ்சம் பிசைந்து, அதுவும் போயிற்று. மாத்திரையைக் கொடுத்தோம். உள்ளேயே நின்றது. இவள் காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். நான் கடைக்காரருக்குப் போன் செய்து தம்பி சாப்பிட்டுவிட்டான் என்று சொன்னேன். அவர் ஸ்டிக்கர்தான் வேலை செய்தது என்று சந்தோஷப்பட்டார். நான் திருத்தவில்லை.

அடுத்த வேளைக்குக் கையை எடுத்துவிட்டுப் பார்த்தோம். விரல் மூன்றாவதோடு நின்றது. என்னைப் பார்த்தான். கட்டைவிரலை வைத்தேன். "ம்" என்றான், சாப்பிட்டான். அதற்கடுத்த வேளையும் அப்படித்தான்.

அன்றிலிருந்து நான்காவது சன்னல் நான்தான்.

காலை, மத்தியானம், இரவு மூன்று வேளையும் நான் அவன் முன்னால் உட்கார வேண்டும். விரலை வைத்துவிட்டு நடுவில் எடுத்தாலும் ஆகாது. தட்டு காலியாகும்வரை இருக்க வேண்டும். சில வேளை அவன் ஒரு மணி நேரம் மெல்லுவான். கல்யாணம், காதுகுத்து, துக்கம் எதுவானாலும் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் போய்த் திரும்பிவிட வேண்டும். அன்னவாசலில் என் ஒன்றுவிட்ட அண்ணன் இறந்தபோது மாலையைப் போட்டுவிட்டு உடனே பஸ் ஏறினேன். எடுக்கிறவரை நிற்கவில்லை என்று அங்கே இன்னும் பேச்சு இருக்கிறது. விராலிமலைக்குக் காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினாலும் முடியிறக்கிவிட்டு மத்தியானத்துக்குள் திரும்ப முடியாது. நேர்த்திக்கடன் அப்படியே நிற்கிறது.

"புள்ளையச் சாப்புட வையின்னு கேட்டீக. யார வச்சுச் சாப்புட வைக்கணும்னு சேத்துக் கேட்டுருக்கணும்," என்கிறாள் இவள். "முருகனுக்குத் தெரியும், நீங்க ஏன் வரலைன்னு. போயிப் பஸ்ஸுல ஒக்காருங்க, தட்டு வருது."

இவள் கட்டைவிரலை வைத்துப் பார்க்காமல் இல்லை. ஈயை எடுத்துப் போடுகிற மாதிரி எடுத்துத் தள்ளி வைத்துவிட்டான். ஊட்டுகிற கை அது, சன்னலில் அதற்கு இடமில்லை போலிருக்கிறது. சனிக்கிழமை கழுவுவது தொடர்கிறது. அந்த ஸ்டிக்கர் நன்றாகப் பழசாகிவிட்டது, பக்கத்தில் இருப்பவர்களோடு வித்தியாசமே தெரியவில்லை. பலமுறை விரலை எடுத்துப் பார்த்தேன். அவனுக்கு அது வேண்டாம்.

எனக்கு இப்போது முழங்கால் மடக்க முடியவில்லை. ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். காய்ச்சல் வந்த இரண்டு நாளும் போர்வையோடு வந்து விரலை வைத்தேன். வேறு ஒன்றும் பயமில்லை, போகிற நாள் வந்தால் போக வேண்டியதுதான். அந்த வேளைக்கு இந்தத் தட்டு என்ன ஆகும் என்பது மட்டும்தான். இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. மகள் தானாகவே புரிந்துகொண்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து இறங்கினாள். கையைக் கழுவிக்கொண்டு நேராக எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தள்ளுங்கப்பா, நான் வக்கிறேன்."

"ஒன்னால ஆகாது ஆத்தா."

"ஒங்களுக்கு மட்டும் என்ன, விரலுல வரம் வாங்கிட்டு வந்தீங்களா?"

வைத்தாள். அவன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவள் கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கினான். ஆனால் தள்ளிவிடவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு மெதுவாகக் கீழே விட்டான். பிறகு என் கையை இழுத்துச் சன்னலில் வைத்துக்கொண்டான்.

"பக்கத்துல வையி," என்றேன். என் விரலை ஒட்டி அவள் விரலை வைத்தாள். என் நகத்தைத் தொட்டான், "ம்." அவள் நகத்தில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தான். "ம்" சொல்லவில்லை. சொல்லாமலே பையனுக்குப் போனான், நாய்க்குப் போனான், வாயைத் திறந்தான். பாதிச் சாப்பாட்டில் என் விரலை மெல்ல எடுத்துப் பார்த்தேன். மெல்லுவதை நிறுத்தினான். திரும்ப வைத்தேன். மெல்ல ஆரம்பித்தான்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாரேன்ப்பா," என்றாள் மகள். அவள் கண் என் பக்கம் வரவில்லை, அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "வர்ற ஞாயித்துக்கெழமையெல்லாம் வாரேன்."

கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் அவளுக்கு இல்லை, ஆனால் மாமியார் வீட்டில் சொல்லிவிட்டு வந்த நேரம் ஒன்று இருந்தது. அம்மாவிடம் குங்குமம் வாங்கிக்கொண்டு, அண்ணன் தலையைக் கோதிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் மொபெட்டில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். "வெயிலா இருக்கு, பாத்துப் போ ஆத்தா," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். தட்டில் இன்னும் பாதிச் சோறு இருந்தது.